மழுங்கிய பாக்குவெட்டி

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பாக்குவெட்டி இருக்கிறது. நான் வெற்றிலை போடுகிறவள் இல்லை. இழுப்பறையைத் திறக்கும்போது யாராவது பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டால், ஆய்வுக் கருவி என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை. எனக்கு முனைவர் பட்டம் கிடைத்ததில் அந்த இரும்புத் துண்டுக்கு ஒரு பங்கு உண்டு. கிடைக்காமல் போகப் பார்த்ததிலும் உண்டு.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்தவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட பிழைப்பு என்று. வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்த கையோடு டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வெளியே இருக்கும் ஆய்வகத்துக்குப் போவேன். சனிக்கிழமை முழுதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துணி காயப்போடும்போதும் மனசு உலைக்குள் வேகும் மாத்திரைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

விழுங்குகிற மாத்திரை இல்லை. தூளை அச்சில் வைத்து அழுத்தி, உலையில் சுட்டு எடுக்கும் வட்டக் கற்கள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

என் ஆய்வு அருமண் பெரோவ்ஸ்கைட் ஆக்சைடுகளைப் பற்றியது. பயந்துவிட வேண்டாம். அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கி உட்காரும் ஒரு வகைப் பொருளுக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். நான் எடுத்துக்கொண்டதில் நடுவில் குரோமியம், அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன், மூலைகளில் கடோலினியம் என்ற அருமண் தனிமம். அதனிடம் நான் கேட்டது இரண்டே கேள்விகள். நீ எந்தக் குளிரில் காந்தமாவாய்? மின்னழுத்தம் கொடுத்தால் மின்சாரத்தை ஓடவிடாமல் உனக்குள் எவ்வளவு பிடித்து வைப்பாய்? முதலாவது காந்தப் பண்பு, இரண்டாவது மின்காப்புப் பண்பு. இரண்டும் ஒரே பொருளில், அதுவும் நாம் உட்கார்ந்து மோர் குடிக்கிற இந்த வெப்பநிலையில், சேர்ந்து வந்தால் பெரிய சமாச்சாரம். அதற்காக எத்தனையோ பேர் தவம் கிடக்கிறார்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. என் பொருள் கடுங்குளிரில்தான் காந்தமாகும் என்று புத்தகங்களில் ஏற்கனவே இருந்தது. அதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அளந்து, பட்டம் வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தவள்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் குடும்பம். காலையில் பூவெடுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, பஸ் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் ஆய்வகக் கதவைத் திறந்துவிடுவார். நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் காலை வேளைகளில் என் உலையைப் பார்த்துக்கொண்டது அவர்தான். அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலையை நோட்டில் எழுதி வைப்பார். கரண்ட் போனால் வகுப்பென்றும் பார்க்காமல் போன் வரும். "டீச்சர், உங்க அடுப்பு அணைஞ்சு போச்சு. திரும்ப வந்ததும் மொதல்லருந்தா, விட்ட எடத்துலருந்தா?" அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லையென்றால் எத்தனை மாத்திரைகள் வெடித்துப் போயிருக்குமோ தெரியாது. அவர் எழுதிய நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

கடோலினியம், குரோமியம் இரண்டின் ஆக்சைடு தூள்களையும் எடைபோட்டு, உள்ளங்கை அளவே உள்ள அகேட் கல் உரலில் அசிட்டோன் விட்டு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

"இம்புட்டு நேரம் அரைச்சதுக்கு ஒரு தெருவுக்கே இட்டிலி ஊத்தியிருக்கலாம் டீச்சர். இது ஒரு ஸ்பூன்கூட வர மாட்டேங்குதே."

"அரைக்கிறவ கைய நெனச்சுப் பாருங்கக்கா. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

இப்படித்தான் எங்கள் பேச்சு. எனக்கு மூக்கின் நுனியில் கோபம். அவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

மின்காப்பு அளவீடுகளை ஆய்வகத்திலேயே செய்தேன். மாத்திரையின் இரண்டு பக்கமும் வெள்ளிக் குழம்பு பூசி, கருவியில் பொருத்தி அளக்க வேண்டும். முதல் ஐப்பசியில் அளவு தாறுமாறாக எகிறியது. ஒரு வாரம் துள்ளிக் குதித்தேன். பிறகுதான் தெரிந்தது, கல் மழை ஈரத்தைக் குடித்திருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு மாத்திரையையும் நன்றாகச் சூடாக்கி உலர்த்தாமல் அளந்ததே இல்லை. அந்தச் சின்னக் கவனம் பின்னால் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

காந்த அளவீட்டுக்குக் கருவி இங்கே இல்லை. வேறு மாநிலத்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, முறை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர்கள் எழுதியிருந்தார்கள்: தூளாக வேண்டாம், அரிசி அளவு ஒரே துண்டாக அனுப்புங்கள். மாத்திரையை உடைக்க வேண்டும். எங்களிடம் வைரத் தகடு வைத்து அறுக்கும் இயந்திரம் கிடையாது. கல் உரலின் குழவியால் தட்டினேன். ஒரு மாத்திரை மூலைக்கு மூலை தெறித்துப் போனது. இரண்டாவதும் போனது. வாரக்கணக்கில் அரைத்துச் சுட்டது! எரிச்சலில் வெளியே வந்தேன்.

அக்கா சாப்பாடு முடித்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஆய்வகத்துக்குள் வெற்றிலை போடக்கூடாது என்பதால் மதியம் அந்த மரத்தடிதான் அவருக்கு. வெற்றிலை வத்தலக்குண்டு வெற்றிலையாகத்தான் இருக்க வேண்டும். பாக்கு கொட்டைப்பாக்காகத்தான் இருக்க வேண்டும். சீவல் எல்லாம் ஆகாது. கல் போன்ற பாக்கு அந்தப் பாக்குவெட்டியில் 'டொக்' என்று இரண்டாகப் பிளப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா, அதைச் செத்த நேரம் குடுங்க."

மாத்திரை வெடுக்கென்று உடைந்தது. திருப்பி வைத்து அழுத்தினேன். கேட்ட அளவில் அழகான துண்டு. இன்னும் நாலைந்து மாத்திரைகளையும் அப்படியே வெட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். துண்டின் ஓரத்தில் பென்சில் கீறல் மாதிரி ஒரு கறுப்புத் தடம் இருந்தது. பாக்குக் கறையாக இருக்கும் என்று அசிட்டோனில் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை. போதும் என்று உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அந்தக் கறுப்புத் தடத்தைக் கண்ணால் பார்த்தவள் நான்தான்.

முடிவு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடுங்குளிரில் எதிர்பார்த்த காந்த மாற்றம் எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அறை வெப்பநிலையில் எடுத்த வரைபடம்தான் ஆளைத் தூக்கியது. காந்தமில்லாத பொருள் என்றால் அங்கே ஒரு நேர்கோடு வர வேண்டும். எனக்கு வந்திருந்தது ஒல்லியான வேப்பிலை போல ஒரு வளையம். வளையம் வந்தால் காந்தம். இந்த வெப்பநிலையிலேயே காந்தம்! ஏற்கனவே கையில் இருந்த நல்ல மின்காப்பு அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால், யாரும் காணாததை நான் கண்டுவிட்டேன்.

என் நெறியாளர் அதிர்ந்து பேசாத மனிதர். அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "இது எப்படிம்மா?" என்றார். அந்த 'எப்படி'க்கு நான் பதில் தேடியிருக்க வேண்டும். அருமண் அணுக்களின் இடம் கொஞ்சம் நெளிந்திருப்பதால் இருக்கலாம் என்று நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கம் கட்டினேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஒரு நல்ல இதழுக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் எனக்கு இரண்டு முறை கால நீட்டிப்புக் கொடுத்திருந்தது. இரண்டாவதுதான் கடைசி. அதற்குள் ஒரு கட்டுரையாவது வெளியாகவில்லை என்றால் ஆய்வேட்டை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பதிவு ரத்து. ஏழு வருட உழைப்பு, பஸ்ஸில் நின்றுகொண்டே திருத்திய விடைத்தாள்கள், காய்ச்சலோடு மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த சனிக்கிழமைகள், எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். கடைசித் தேதிக்கு ஐந்து மாதம்கூட இல்லை. கட்டுரை ஏற்பு என்ற கடிதத்தைப் பார்த்ததும் பேகம்பூரிலிருந்து பிரியாணி வாங்கிவந்து ஆய்வகத்துக்கே பரிமாறினேன்.

அச்சுக்கு முன் சரிபார்க்கும் பக்கங்கள் வந்த நாள் ஒரு சனிக்கிழமை. திருத்தி அனுப்ப இரண்டு நாள் அவகாசம். மதியம் கை கழுவ வெளியே வந்தேன். அக்கா மரத்தடியில் பாக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்கிட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லவா? உங்க கல்லை வெட்டுனதுலருந்து இது வெட்டவே மாட்டேங்குது. வாயெல்லாம் மழுங்கிப் போச்சு. பாக்கு நசுங்குதே ஒழிய ரெண்டாக மாட்டேங்குது. சொல்லக் கூடாதுன்னுதான் இத்தன நாளா இருந்தேன்."

"இதுக்குப் போயா இம்புட்டு யோசனை? குடுங்க, சாணை பிடிச்சுத் தாரேன்" என்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சும்மா இருக்கிறோமே என்று பாக்குவெட்டியை எடுத்துப் பார்த்தேன். அலகின் நடுவில், நான் மாத்திரையை வைத்து அழுத்திய அதே இடத்தில், இரும்பு தேய்ந்து பளபளவென்று குழிந்திருந்தது. சுட்டெடுத்த என் கல் இரும்பைவிடக் கடினமானது. அது பாக்குவெட்டியைத் தின்றிருக்கிறது. தின்ற இரும்பு எங்கே போனது?

பஸ் மலைக்கோட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அந்தக் கறுப்புத் தடம். என் வேப்பிலை வளையம். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் போதும், அந்த அளவுக்குச் சின்ன வளையம் வரும். நான் கண்டுபிடித்தது கடோலினியத்தின் காந்தத்தை இல்லை, அக்காவின் பாக்குவெட்டியை.

மறுநாள் ஞாயிறு. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு காந்தத்தைத் துண்டின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றால் அதுவும் உதவாது. கடோலினியம் இருக்கும் கல், இரும்பே இல்லாவிட்டாலும் வலுவான காந்தத்தின் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் மறுபடி அனுப்பி அளக்க வேண்டும். அதற்குள் தேதி போய்விடும். இல்லையென்றால் பேசாமல் சரிபார்த்து அனுப்பிவிடலாம். யாருக்குத் தெரியும்? நான் அதையும் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பகல் முழுக்க யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது, என் மேல் வரவேண்டிய கோபம் அக்கா மேல் திரும்பியது. போனை எடுத்துக் கத்தினேன்.

"உங்க பாக்குவெட்டிய யாரு கேட்டா? எதுக்கு அதை அங்க கொண்டாந்து வச்சீங்க?"

"நீங்கதான டீச்சர் கேட்டீங்க" என்றார், மெதுவாக. "கெட்டுப் போச்சா உங்க கல்லு?"

ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லவில்லை. என் கல் கெட்டுவிட்டதா என்றுதான் கேட்டார். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நெறியாளர் முன் பாக்குவெட்டியை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. நாலு கருத்தரங்குகளில் அவர் அதைப் பற்றிப் பேசியும் இருந்தார். எழுந்து போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் அலகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்படின்னு கேட்டேன். அப்புறம் நானும் விட்டுட்டேனேம்மா. தப்பு ரெண்டு பேருக்கும்தான்."

அவரே கணினிக்கு முன் உட்கார்ந்து இதழுக்குக் கடிதம் அடித்தார்: ஒரு சந்தேகம் இருக்கிறது, அச்சை நிறுத்தி வையுங்கள். பிறகு காந்தக் கருவி இருக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டு, யாரிடமும் எதற்கும் கெஞ்சாத மனிதர், எனக்காகக் கெஞ்சினார். அங்கிருந்த பெண் ஒருவர், முகம்கூடத் தெரியாது, தன் அளவீட்டு நாள் ஒன்றை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அவருக்கு நான் என்ன செய்துவிடப் போகிறேன்? இதை எழுதும்போதும் கைகூப்புகிறேன்.

இரண்டு துண்டுகள் அனுப்பினேன். அவர்கள் திருப்பி அனுப்பியிருந்த பழைய துண்டைக் குறைந்த செறிவுள்ள அமிலத்தில் போட்டு, ஒட்டியிருக்கும் இரும்பெல்லாம் கரைய விட்டு, கழுவி உலர்த்தியது ஒன்று. இன்னொன்று, புது மாத்திரையைப் பாலிதீன் உறைக்குள் வைத்து இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் உடைத்தது. உடைக்கும்போது உறையை இழுத்துப் பிடித்துக்கொண்டது அக்காதான். நான் கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் நான்தான் தாங்கமாட்டாமல், "அன்னிக்குக் கத்திட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க" என்றேன். "எம்புட்டுக் கத்துனீங்க, காது இன்னும் கொய்யுங்குது" என்று சிரித்தார். அந்த வாரமே கடைவீதியில் ஒரு புதுப் பாக்குவெட்டி வாங்கிக்கொடுத்தேன். ஒரு கொட்டைப்பாக்கை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார். பழையது என்னிடமே தங்கிவிட்டது.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. இரண்டு துண்டுகளும் அறை வெப்பநிலையில் நேர்கோடுதான். குளிரில் வரவேண்டிய காந்த மாற்றம் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது மின்காப்பு அளவுகள். அவற்றை முழு மாத்திரையில் எடுத்திருந்தேன், பாக்குவெட்டி அதன் பக்கமே போகவில்லை. ஈரமும் இல்லை. அவற்றை வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினோம். ஆர்ப்பாட்டமில்லாத ஒரு இதழில், கடைசித் தேதிக்குப் பதினோரு நாள் முன்னால் வெளியானது. ஆய்வேட்டின் காந்த அத்தியாயத்தில் பாக்குவெட்டிக் கதையை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினேன். இரும்புக் கருவியால் வெட்டாதீர்கள், வெட்டினால் அமிலத்தில் கழுவுங்கள் என்று. சில பேர் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். நெறியாளர் இருக்கட்டும் என்றார்.

வாய்மொழித் தேர்வன்று எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா டீ டம்ளர்களை அடுக்கிவிட்டுக் கடைசி வரிசையில், தலைநிறையத் தன் தோட்டத்துப் பூவோடு உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் விரித்தார். "கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. அதோடு உங்கள் பட்டமும் உறுதி. அப்புறம் எப்படி இந்தச் சந்தேகம் வந்தது? திரும்பப் பெறாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே?" என்று கேட்டார். பாக்குவெட்டி பாக்கை வெட்டவில்லை என்று அதன் சொந்தக்காரர் சொன்னார், அதனால்தான் ஐயா, என்றேன். அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார் என்று கையைக் காட்டினேன். அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, பட்டம் உண்டு என்று அறிவித்து, மாலையெல்லாம் போட்ட பிறகு வேப்பமரத்தடியில் என்னைத் தனியாகப் பிடித்தார். முகம் சரியில்லை.

"ஏன் டீச்சர், அந்த ஐயா சொன்னாரே, அந்தக் கட்டுரை போனதால உங்க பட்டமே போயிருக்குமா?"

"ஆமாக்கா. போகப் பாத்துச்சு."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே. கல்லுதான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன்." கண் கலங்கியிருந்தது. "அம்புட்டுப் பெரிய விசயம்னு தெரிஞ்சிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே. பேசாம ஒரு புதுசு வாங்கிக்கிட்டுப் போயிருப்பேனே."

அவர் சொன்னது நிஜம். அப்படித்தான் செய்திருப்பார். என் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். நானும் அந்த வளையத்தோடு, அந்தப் பொய்யோடு, பட்டத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல வேளைக்கா, உங்களுக்குத் தெரியல" என்றேன்.